அறிவியல் அறவோர் தௌலத் சிங் கோத்தாரி

ஆசிரியப் பயிற்சி பெற்றவர் எவரும் கோத்தாரி என்னும் பெயரை மறந்திருக்க இயலாது. 1970ஆம் ஆண்டை ஒட்டி நாம் பயிற்சிப் பள்ளியில் பயின்றபோது, கோத்தாரிக் கல்விக் குழுவின் அறிக்கை வெளிவந்து நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் பரிந்துரைகளை எண்ணிட்டு மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினோம். பத்தாண்டுப் பள்ளி, இரண்டாண்டு மேல்நிலை, மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் அக்குழுவின் தலைவர் எந்நாட்டார், அதற்கு முன் என்ன பணி செய்தவர் என்று எமக்குச் சொன்னவரும் இல்லை. நாம் கேட்டதும் இல்லை. அவரைக் கல்வியாளர் என்றே எண்ணிக்கொண்டு பணியாற்றி, 2008ஆம் ஆண்டு ஓய்வும் பெற்றோம்.

ஓய்வு பெற்ற அவ்வாண்டில் உறவினர் இல்லத்தில் ஒரு பூசல் எழுந்தது. அவ்வீட்டுப் பிள்ளை பொறியியல் முடித்து, நாட்டின் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிக்குத் தேர்வு பெற்றிருந்தான். எல்லோரும் மகிழ்ந்திருக்க, பாட்டி மட்டும் ஒப்பவில்லை. பொழுது சாய்ந்தபின் உண்ணாத வீடு. கிழங்கு வகை நுழையாத அடுக்களை. குடிக்கும் நீரையும் வடிகட்டி, வடிகட்டிய துணியை அலசிக் கிணற்றிலேயே விடும் வழக்கமுடைய அம்மையார் அவர். இந்த வீட்டுப் பிள்ளை ஏவுகணை செய்யப் போவதா என்று கேட்டார். நாம் ஆசிரியை என்பதால் தீர்ப்புக் கூற எம்மை அழைத்தனர். நாம் விழித்துக்கொண்டிருக்க, அப்பிள்ளையே ஒன்று சொன்னான். அந்த அமைப்புக்கு அடித்தளம் இட்டவரே ஒரு ஜைனர்தாம், கோத்தாரி என்பவர் என்றான். அது வேறு கோத்தாரியாக இருக்கும், நாம் படித்தவர் கல்விக் குழுத் தலைவர் என்று அவனைத் திருத்தினோம். திருத்தப்பட வேண்டியவர் நாமே என்பது பின்னர்த் தெரிந்தது. இருவரும் ஒருவரே.

தௌலத் சிங் கோத்தாரி 1906ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் மேவார் நாட்டின் தலைநகராகிய உதயப்பூரில், எளிய சமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். 1918இல், மகனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, அவர் மறைந்தார். அன்னையின் அரவணைப்பில்தான் பிள்ளைகள் வளர்ந்தனர். இந்தூர் சமஸ்தானத்தில் உயர் பதவி வகித்த சிரேமல் பாப்னா என்னும் சமணப் பெருமகன் இப்பிள்ளையின் அறிவைக் கண்டு இந்தூருக்கு அழைத்துச் சென்று படிக்கவைத்தார். பின்னர் உதயப்பூர் மகாராணா அளித்த உதவித்தொகை அவரை அலகாபாத் பல்கலைக்கழகத்தில் சேர்த்தது. தந்தையற்ற பிள்ளை ஒருவன் உயர்வதற்கு ஊரும் உறவும் தோள் கொடுத்த கதை நம் குடும்பங்கள் பலவற்றிலும் உண்டு. ஆகவே இதனை விரிக்கவில்லை.

அலகாபாத்தில் அவருக்கு வாய்த்த ஆசான் மேகநாத சாகா. விண்மீன்களின் வெப்பத்தில் அணுக்கள் தம் மின்னணுக்களை இழக்கும் முறையைச் சமன்பாடாக வகுத்து 1920இல் உலகப் புகழ் பெற்றவர் அவர். அவரிடம் பயின்று 1928இல் முதுகலைப் பட்டம் பெற்ற கோத்தாரி, 1930இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அணுவின் கருவைக் கண்டறிந்த ரதர்போர்டு அப்போது அங்குள்ள கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் தலைவர். அதே ஆண்டுகளில்தான் நம் சென்னையிலிருந்து சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகரும் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1933இல் இருவருமே முனைவர் பட்டம் பெற்றனர். சந்திரசேகர் அயல்நாட்டிலேயே தங்கினார். கோத்தாரி திரும்பிவந்து 1934இல் தில்லிப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் பொறுப்பேற்றார்.

அவருடைய ஆய்வைக் குறித்து இரண்டொரு சொற்களாவது கூற வேண்டும். வெப்பத்தால் அணு சிதைவதை ஆசான் காட்டினார். வெப்பமே இல்லாவிடினும் மிகப் பெரிய அழுத்தம் ஒன்றே அணுவைச் சிதைத்து மின்னணுக்களை விடுவித்துவிடும் என்று மாணாக்கர் காட்டினார். இதிலிருந்து ஒரு வியப்பான முடிவு கிடைத்தது. குளிர்ந்த கோள் ஒன்றின் மேல் மேலும் மேலும் பொருளைச் சேர்த்துக்கொண்டே போனால் அது பெருத்துக்கொண்டே போகாது. ஓர் அளவுக்குப் பின் தன் எடையாலேயே நசுங்கிச் சிறுக்கத் தொடங்கும். அந்த எல்லை ஏறத்தாழ வியாழன் கோளின் அளவு. வகுப்பறையில் மாணவர்க்கு வியாழனைப் பற்றி எத்தனை முறை பாடம் நடத்தியிருப்போம்! அக்கோளின் பெருமைக்கு ஒரு வரம்பு உண்டென்று கணித்தவர் இந்தியர் என்பதை ஒரு முறையேனும் சொல்லியிருந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பர்.

இனி நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம்.

1947இல் நாடு விடுதலை பெற்றபோது நம்மிடம் பெரும்படை இருந்தது. உலகப் போரில் பல கண்டங்களில் போரிட்டுப் பெயர் பெற்ற படை அது. படைக்கலத் தொழிற்சாலைகளும் இருந்தன. கல்கத்தாவை அடுத்த காசிப்பூர்த் தொழிற்சாலை 1802ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நம் நீலகிரி மாவட்டத்து அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. ஆனால் துப்பாக்கியின் வரைபடம் இங்கிலாந்திலிருந்து வரும். அதன்படி இங்கே வார்த்து, அளந்து, சுட்டுப் பார்த்து, முத்திரையிட்டு அனுப்புவர். இந்த வளைவு ஏன், இந்தக் கனம் ஏன், இந்த மருந்து ஏன் என்று கேட்கும் உரிமையும் இங்கு இல்லை. விடை கூறும் அறிவும் இங்கு வளர்க்கப்படவில்லை. பிறர் எழுதிய பாடத்தைப் பார்த்து எழுதும் கையெழுத்துப் பயிற்சி போன்றதே அது. எழுத்து அழகாக இருக்கும். பிள்ளைக்குப் பொருள் தெரியாது.

இக்குறையை நேரு உணர்ந்திருந்தார். 1947 ஜனவரியில் தில்லியில் நடந்த அறிவியல் மாநாட்டுக்கு வந்திருந்த ஆங்கிலேய இயற்பியலறிஞர் பிளாக்கெட்டிடம் படைத்துறை குறித்து ஆலோசனை வேண்டினார். பிளாக்கெட் இளமையில் கடற்படை அலுவலர். பின்னர் ரதர்போர்டின் மாணாக்கர். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் அவரும் அவருடைய குழுவினரும் செய்த பணி புதுவகையானது. புதிய ஆயுதம் செய்யாமல், உள்ள ஆயுதத்தை எவ்வாறு கையாளுவது என்பதைக் கணக்கிட்டுக் கூறினர். எடுத்துக்காட்டாக, சரக்குக் கப்பல்களைச் சிறு சிறு கூட்டமாக அனுப்புவதைவிடப் பெருங்கூட்டமாக அனுப்பினால் நீர்மூழ்கிகளால் மூழ்கடிக்கப்படும் கப்பல்களின் விகிதம் குறையும் என்று எண்களால் நிறுவினர். ஒரு தாளும் பென்சிலும் எத்தனை மாலுமிகளின் உயிரைக் காத்திருக்கின்றன!

பிளாக்கெட் 1948இல் தம் அறிக்கையை அளித்தார். வல்லரசுகளோடு போட்டியிட்டு அணுகுண்டு, நச்சுப்பொருள், ஒலியினும் விரைந்து செல்லும் விமானம் ஆகியவற்றின் பின்னே ஓடி ஏழை நாட்டின் பொருளைக் கரைக்க வேண்டாம் என்பதும், தன் சூழலுக்கும் வசதிக்கும் ஏற்ற எளிய கருவிகளில் முதலில் தன்னிறைவு காண வேண்டும் என்பதும் அவர் அறிவுரையின் சாரம். அவ்வாண்டே பாதுகாப்பு அறிவியல் அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சரின் முதல் அறிவியல் ஆலோசகராகக் கோத்தாரி அமர்த்தப்பட்டார். அவருக்கு அப்போது அகவை நாற்பத்திரண்டு. கோள்களையும் விண்மீன்களையும் கணித்துக்கொண்டிருந்தவர், பீரங்கி தொட்டறியாதவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் பணியையும் விடாமல், இரண்டையும் 1961 வரை ஒருசேர நடத்தினார்.

தொடக்கத்தில் அவ்வமைப்புக்குத் தனிக் கட்டடமும் இல்லை. 1950இல் நிறுவப்பட்ட பாதுகாப்பு அறிவியல் ஆய்வுக்கூடம், தில்லியில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒண்டிக் குடியிருந்தது. இடம் கொடுத்த அந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் நம் தமிழ்நாட்டு வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன். பத்தாண்டு கழித்து, 1960 ஏப்ரலில்தான் யமுனைக் கரையிலுள்ள மெட்காஃப் மாளிகைக்கு அது குடிபெயர்ந்தது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன், நேரு முன்னிலையில் அதனைத் திறந்துவைத்தார். பிற்கால ஆய்வுக்கூடங்கள் பல அந்த ஒரு வித்திலிருந்தே முளைத்தவை.

கோத்தாரி முதலில் பீரங்கி செய்யப் புறப்படவில்லை. வினா எழுப்பக் கற்பித்தார். இதுவே அவர் பணியின் சிறப்பு என்பது எமது கருத்து. குண்டு குழாயினுள் எப்படி உந்தப்படுகிறது, காற்றில் எப்படிப் பறக்கிறது, இலக்கைத் தொட்டதும் என்ன ஆகிறது என்பவற்றை முறையாக ஆராயச் செய்தார். இவற்றை வெளிநாட்டு நூலில் பார்த்துக்கொள்ளலாகாதா எனின், ஆகாது. இங்கிலாந்தின் குளிரில் அளந்த வெடிமருந்து, ராஜஸ்தானத்து மணல்வெளியின் கொடுவெயிலில் அதே வேகத்தில் எரிவதில்லை. வெப்பக் காற்றின் அடர்த்தியும் வேறு. குளிர்நாட்டுக்கென்று செய்த ரப்பரும் தோலும் கம்பிச் சுற்றுகளும் நம் மழைக்காலப் புழுக்கத்தில் பூஞ்சை பூத்துக் கெடும்.

கடலும் அப்படித்தான். நீருக்கடியில் ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு நீர்மூழ்கி இருக்கும் இடத்தை அறிவர். ஆனால் கடல்நீர் மேலே வெதுவெதுப்பாகவும் கீழே குளிர்ந்தும் அடுக்கடுக்காக இருப்பதால் ஒலி நேராகச் செல்லாது வளைந்துவிடும். வெயில் காயும் நம் அரபிக் கடலின் அடுக்கு வேறு, வட அட்லாண்டிக்கின் அடுக்கு வேறு. அங்கே தொலைவிலேயே பகையைக் கண்டுபிடிக்கும் கருவி இங்கே குருடாகிவிடக்கூடும். இதனை ஆராயவே 1952இல் கொச்சியில் கடற்படை இயற்பியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. அடுத்த ஆண்டு பம்பாயில், கப்பலின் அடிப்பாகம் உப்புநீரில் அரிப்பதையும் உலோகங்களையும் ஆராயும் கூடம் எழுந்தது. பாலைவனச் சூழலை ஆராய 1959இல் ஜோத்பூரில் ஒன்று. படை அலுவலர்களுக்குக் கருவிகளின் அறிவியலைக் கற்பிக்கப் பூனாவை அடுத்த கிர்க்கியில் 1952இல் ஒரு கல்வி நிலையம். கற்பித்தலை மறக்காத ஆசிரியரின் செயல் இது. படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராயும் உளவியல் பிரிவும் 1949இலேயே தொடங்கப்பட்டது. மைசூரில் உணவு ஆய்வுக்கூடம் 1961இல் அமைந்தது. பனிமலை உச்சியில் நிற்கும் வீரனுக்குப் பசி எடுக்காது; எடுத்தாலும் அடுப்பு மூட்ட இயலாது. அவனுக்கு உகந்த, கெடாத உணவும் நாட்டின் பாதுகாப்பே என்னும் நோக்கு நாம் வியந்து பாராட்டத்தக்கது. படை என்றால் வாளும் வேலும் என்று மட்டும் எண்ணும் நமக்கு அடுக்களையும் படையின் உறுப்பு என்பது எளிதில் தோன்றுவதில்லை. பெண்களுக்குத் தோன்றியிருக்கும்; கேட்டவர்தாம் இல்லை.

1958இல், படையின் தொழில்நுட்ப நிலையங்களையும் பாதுகாப்பு அறிவியல் அமைப்பையும் ஒன்றாக இணைத்துப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி நிறுவனம் உருவாயிற்று. இன்று டி.ஆர்.டி.ஓ. என்று பிள்ளைகள் சுருக்கிச் சொல்வது அதுவே. இணைந்தபோது பத்து நிலையங்கள். பின்னாளில் அவை ஏறத்தாழ ஐம்பதாகப் பெருகின. அதே 1958இல் பாதுகாப்பு அமைச்சின் தொழில்நுட்பப் பிரிவு ஒன்றில், மாதம் இருநூற்றைம்பது ரூபாய் அடிப்படை ஊதியத்தில் ஓர் இளைஞர் பணியில் சேர்ந்தார். இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம் அவர்.

குறை கூறாமல் வாழ்க்கை வரலாறு எழுதுவது எமக்கு உடன்பாடன்று. கோத்தாரியின் காலத்து அமைப்பு ஆய்வுக் கட்டுரைகளை ஈந்த அளவுக்குப் போர்க்கருவிகளை ஈயவில்லை என்று அன்றே சொன்னார்கள். 1958இல் நடந்த இணைப்பும் அக்குறையைப் போக்கும் பொருட்டே. அவர் அப்பதவியை விட்ட மறு ஆண்டு, 1962இல், சீனப் படை எல்லை தாண்டியபோது, நம் வீரர்கள் ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடும் பழைய .303 துப்பாக்கியை ஏந்தி, குளிர்காக்கும் உடைகூடப் போதாமல் மலையில் நின்றனர். அப்பழியில் அரசியலாருக்கும் படைத் தலைமைக்கும் உரிய பங்கு பெரிது. அறிவியலார்க்குப் பங்கே இல்லை என்று சொல்லத் துணியோம். ஆனால் ஒன்று. விதைத்தவனைப் பார்த்து, பத்தாண்டில் மாம்பழம் ஏன் இல்லை என்று கேட்பவர், அதற்கு முன் இருநூறு ஆண்டுகள் நிலம் தரிசாகக் கிடந்ததையும் எண்ண வேண்டும்.

நம் இதழ் வாசகர்களுக்கு உள்ளத்தைத் தொடும் செய்தி இனிதான் வருகிறது.

1954 மார்ச் 1ஆம் நாள், பசிபிக் கடலில் பிகினி என்னும் பவளத் தீவில் அமெரிக்கா ஒரு நீரகக் குண்டை வெடித்துச் சோதித்தது. ஹிரோஷிமாவை அழித்த குண்டைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஆற்றல் அதற்கு. வெள்ளைச் சாம்பல் பனிபோல் பெய்தது. தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகில் இருந்த இருபத்து மூவரும் நோயுற்றனர்; ஒருவர் அவ்வாண்டே மாண்டார். ஏப்ரல் 2ஆம் நாள் நேரு, இத்தகைய சோதனைகளையேனும் நிறுத்திவைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார். உணர்ச்சியால் மட்டும் இதனைச் சொன்னால் வல்லரசுகள் செவிசாய்க்கா. அறிவியல் சான்று வேண்டும். அச்சான்றைத் திரட்டும் பணி கோத்தாரியிடம் வந்தது.

அணுவெடிப்புகளும் அவற்றின் விளைவுகளும் என்னும் பொருள்பட்ட தலைப்பில் 1956இல் அந்நூல் நேருவின் முன்னுரையோடு வெளிவந்தது. 1958இல் திருத்திய பதிப்பும் வந்தது. பிற நாட்டு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. ஓசையும் அனலும் அதிர்வும் எவ்வளவு தொலைவு அழிக்கும் என்று அது கணக்கிட்டது. கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சு கருவில் உள்ளதையும், அக்கருவின் வழி வரும் தலைமுறைகளையும் எவ்வாறு தீண்டும் என்பதையும் விளக்கிற்று. ஸ்ட்ரான்ஷியம் என்னும் பொருளின் கதிர்வீசும் வகை காற்றில் பரவிப் புல்லில் படியும். புல்லை மேயும் மாட்டின் பாலில் கலக்கும். சுண்ணாம்புச் சத்தைப் போன்ற தன்மை உடையதாதலின் பாலைக் குடிக்கும் குழந்தையின் எலும்பில் சென்று தங்கும். எங்கோ ஒரு கடலில் ஒருவன் வெடித்த குண்டு, இங்கே ஒரு தாய் ஊட்டும் பாலில் வந்து சேர்கிறது. ஓருயிர்க்குச் செய்யும் தீங்கு கண்காணாத எண்ணற்ற உயிர்களைச் சென்று தாக்கும் என்று அடிகளார் வாயிலாக நாம் கேட்டு வளர்ந்ததை, ஒரு பாதுகாப்பு அமைச்சின் ஆலோசகர் எண்களிட்டு எழுதினார்.

உலக நாடுகளின் பாதுகாப்பு அமைச்சுகள் அக்காலத்தில் தம் அறிவியலாரை எதற்குப் பணித்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இந்நூலின் அருமை விளங்கும். எங்கும் அவர்கள் குண்டு செய்துகொண்டிருந்தனர். இங்கே அதே நாற்காலியில் அமர்ந்த ஒருவர், குண்டு வேண்டா என்பதற்கான காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். 1963இல் காற்றிலும் விண்ணிலும் நீரிலும் அணுச் சோதனை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. அது பலருடைய உழைப்பால் வந்தது. அப்பலருள் இவரும் ஒருவர்.

இருப்பினும் அந்தப் பாட்டியின் வினா நிற்கிறது. அணுகுண்டை எதிர்த்தார், சரி. பீரங்கியும் வெடிமருந்தும் அவர் ஆய்வுக்கூடங்களில் ஆராயப்பட்டனவே, அணுவிரதம் பூண்ட இல்லறத்தார் அதனைச் செய்யலாமா?

நம் ஆசாரிய பெருமக்கள் இம்சையை நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்றே கருதிச் செய்யும் சங்கல்ப இம்சை, சமையல் முதலிய இல்லப் பணிகளில் நேரும் ஆரம்ப இம்சை, உழவு முதலிய தொழிலில் நேரும் உத்தியோக இம்சை, தாக்கவரும் பகையினின்று தன்னையும் பிறரையும் காக்கும்போது நேரும் விரோத இம்சை என்பன அவை. துறவியர் நான்கையும் விலக்குவர். இல்லறத்தார் முதலாவதை முற்ற விலக்கி, ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைப்பர். பத்தாம் நூற்றாண்டில் கங்க நாட்டின் படைத்தலைவராகிய சாமுண்டராயர்தாமே சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பினார்! அத்திருவுருவின் கதையை நாம் இன்னும் கருத்தூன்றி நோக்க வேண்டும். பரதனும் பாகுபலியும் எதிர்நின்றபோது இருபக்க அமைச்சர்களும் கூடி, படைகள் மோதி உயிர்கள் மடிய வேண்டா, நோக்கினாலும் நீரினாலும் மல்லினாலும் இருவர் மட்டுமே பொருது முடிவு காண்க என்றனர். படை இருந்தது, ஆயினும் படையின் அழிவைச் சுருக்குவதே அங்கும் அறிஞர் கடனாயிற்று.

இவ்வளவையும் நாம் பாட்டியிடம் எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, விரோத இம்சைக்கு விலக்கு உண்டென்றால் அதில் பாவம் இல்லையென்று ஆகிவிடுமா டீச்சர் என்று கேட்டார். ஆகாது என்றோம். கோத்தாரியும் அப்படி எண்ணியதாக நாம் காணவில்லை. அறிவியலும் அகிம்சையும் கைகோத்தாலன்றி மனித குலத்துக்கு வாழ்வில்லை என்று எழுத்திலும் உரையிலும் அவர் வாழ்நாள் முழுதும் ஓயாமல் வலியுறுத்தி வந்தார். தம் பணியில் நெருடல் அறவே இல்லாதவர் இதனை அத்தனை முறை சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பது எமது ஊகம். பாட்டி வேறொன்றும் கூறவில்லை. பேரன் புறப்பட்ட நாளில் வழிக்குப் புளிச்சோறு கட்டி, பொழுது சாய்வதற்குள் உண்டுவிடும்படி சொல்லி அனுப்பினார்.

1961இல் கோத்தாரி பாதுகாப்புப் பணியிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகச் சென்றார். 1973 வரை அப்பொறுப்பில் இருந்தார். அறிவியல் கலைச்சொற்களை இந்திய மொழிகளில் ஆக்கும் ஆணையத்தின் முதல் தலைவரும் அவரே. 1964 அக்டோபர் 2ஆம் நாள் பணி தொடங்கிய கல்விக் குழு, 1966 ஜூனில் கல்வியும் தேசிய வளர்ச்சியும் என்னும் பொருள்பட்ட தலைப்பில் அறிக்கை தந்தது. நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கல்விக்குச் செலவிட வேண்டும் என்றது. அவ்விலக்கை நாடு இன்றளவும் எட்டவில்லை. செல்வர் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே அண்மைப் பள்ளியில் பயில வேண்டும் என்றது. அது எங்கே போயிற்று என்று வாசகர்களே அறிவர். ஆசிரியர்க்கு நல்ல ஊதியம் வேண்டும் என்றது. அதன் பயனை எம் தலைமுறை ஓரளவு துய்த்தது. பத்துடன் இரண்டு என்னும் அமைப்பு 1978இல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது ஊர்தோறும் உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாக உயர்ந்ததையும், இடமின்றி மரத்தடியில் வகுப்பு நடத்தியதையும் நாம் மறக்கவில்லை.

இவ்வறிக்கையை இப்போது மீண்டும் படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. நாட்டின் காவலைப் பதின்மூன்று ஆண்டுகள் உள்ளிருந்து பார்த்தவர் எழுதியது இது. ஆய்வுக்கூடத்துக்கு ஆள் வேண்டுமெனில் கல்லூரி வேண்டும். கல்லூரிக்கு நல்ல மாணவர் வேண்டுமெனில் கிராமத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேண்டும். அறிவியலும் கணக்கும் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, கட்டாயப் பாடமாக வேண்டும் என்று அக்குழு ஏன் கூறிற்று என்பது பயிற்சிப் பள்ளியில் எமக்கு விளங்கவில்லை. அக்காலத்தில் பெண்களுக்கு மனையியல் போதும் என்று சொன்னவர்கள் பலர்.

பிற்காலத்தில் ஆட்சிப் பணித் தேர்வு முறையைச் சீர்செய்யும் குழுவுக்கும் அவர் தலைமை ஏற்றார். 1979 முதல் அத்தேர்வை நம் பிள்ளைகள் தமிழிலேயே எழுத முடிவது அக்குழு திறந்துவிட்ட கதவின் வழியாகத்தான். பத்ம பூஷண், பத்ம விபூஷண் முதலிய சிறப்புகள் 1962இலும் 1973இலும் அவரைத் தேடி வந்தன. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார்.

முதுமையில் அவர் மனம் மிகுதியும் தோய்ந்தது ஸ்யாத்வாதத்தில். மிகச் சிறிய துகள் ஒருகால் அலைபோலவும் ஒருகால் துகள்போலவும் நடப்பதைக் கண்டு திகைத்த மேனாட்டு அறிஞர் நீல்ஸ் போர், ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும் இரு விளக்கங்களும் சேர்ந்தே முழு உண்மையாகும் என்றார். இதனைக் கண்ட கோத்தாரிக்கு நம் ஏழு பங்கிகள் நினைவுக்கு வந்தன. ஒரு பெட்டியை நடுவே தடுத்து இரண்டு அறையாக்கி, உள்ளே ஒரு துகள் இருப்பதாகக் கொள்க. அது இந்த அறையில் உள்ளதா என்றால் ஆம் என்றும் கூற இயலாது, இல்லை என்றும் கூற இயலாது. சொல்லில் அடங்காத ஒரு நிலையில் அது இருக்கிறது. நம் முன்னோர் அவக்தவ்யம் என்று நான்காவதாக வைத்த நிலையோடு இது ஒத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். போரின் நூற்றாண்டு விழாவை ஒட்டி 1985இல் வெளிவந்த தொகுப்பிலும் கீழைத் தத்துவங்களையும் போரின் கொள்கையையும் ஒப்பிட்டு எழுதினார். எல்லா அறிவியலும் எம் ஆகமத்தில் உண்டு என்று மார்தட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. ஒப்புமை எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்று அளந்து பேசினார். நம்மவருள் மேடை ஏறுவோர் அவரிடம் இதனைக் கற்கலாம்.

1993 பிப்ரவரி 4ஆம் நாள் ஜெய்ப்பூரில் அவர் மறைந்தார், அகவை எண்பத்தாறு. தில்லியில் டி.ஆர்.டி.ஓ. தலைமையகத்து மன்றத்துக்கு அவர் பெயர் இடப்பட்டுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்வோர்க்கு அளித்த உதவித்தொகையும் அவர் பெயரைத் தாங்கியது. 2011இல் அஞ்சல் துறை அவருடைய அஞ்சல்தலையை வெளியிட்டது. ஆய்வுக்கூடத்துக்குப் போன அந்தப் பிள்ளை விடுமுறையில் வந்தபோது எமக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். அதனைப் பயிற்சிப் பள்ளிக் காலத்துக் குறிப்பேட்டில், கோத்தாரிக் குழுவின் பரிந்துரைகள் என்று நாம் அன்று எழுதிய பக்கத்தின் மேலே ஒட்டி வைத்திருக்கிறோம்.